விரல் ஒட்டாத நகல்

பதினோரு டிவிடி.
மேலே மார்க்கர் பேனாவில் அக்கா மெரிகேயின் கிறுக்கல்:
"கோடை 04", "பள்ளி நாடகம்", ஒன்றில் வெறுமனே "இது".
விளிம்பில் ஊதா நிறம் வெளிறத் தொடங்கிவிட்டது.
டார்ட்டுவில் நவம்பர்; மூன்றரைக்கே விளக்குப் போட்டாயிற்று.
ஐந்தாம் மாடிச் சமையலறை மேஜையில்
நிலஅளவை அலுவலகம் கழித்துக்கட்டிய மடிக்கணினி,
அதில் நான் ஏற்றிய லினக்ஸ்,
பழைய சாமான் கடையில் மூன்று யூரோவுக்கு வாங்கிய டிரைவ்.

எந்த மென்பொருள்?
ஊர்மாஸைக் கேட்டேன். அலுவலகத்தில் எல்லாம் தெரிந்தவன்.
ஹேண்ட்பிரேக் என்று எழுதிக் காட்டினான்.
பெயரிலேயே கை இருக்கிறதே, நம் ஆள் என்று
நம்பி இறக்கினேன்.

நல்ல பிள்ளை. சொன்னதைச் செய்தது.
நாலு ஜிபியை அரை ஜிபியாக மடித்து நீட்டியது,
இஸ்திரி போட்ட சட்டை மாதிரி.
திறந்து பார்த்தால்
ஏரிக்கரையில் அம்மா பேசுகிறாள்,
வேகமாக, அவள் வழக்கப்படி, வாய் மூடி, கை திறந்து.
விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.
மோதிரவிரலும் சுண்டுவிரலும் ஒரே சதுரக் கட்டி.
குளிர்கிறது என்றாளா, கோபம் என்றாளா?
என் அம்மா வாழ்நாளில் ஒருநாளும்
சொல்லை மென்று விழுங்கியவள் இல்லை.
இந்தக் கோப்பில் விழுங்குகிறாள்.

தரத்தைக் கூட்டலாம். கூட்டினேன்.
அந்த எண்ணைக் குறைத்தால்தான் தரம் கூடுமாம்,
யார் போட்ட கணக்கோ.
இருபத்திரண்டு, பதினெட்டு, பதினாறு.
இரவு பதினொன்றரை வரை
அம்மாவின் சுண்டுவிரலுக்காகப் பேரம்.

மறுநாள் மேக்எம்கேவி. அது எதையும் கசக்குவதில்லை.
இருப்பதை அப்படியே எடுத்து வேறு பெட்டியில் வைக்கும்.
வைக்குமுன் ஒரு கேள்வி,
பக்கத்தில் சின்னக் கட்டம்:
ஒலித்தடம் வேண்டுமா?

என் பெயர் லேலோ. எங்கள் ஊரில் அதற்குப் பாட்டு என்று பொருள்.
பிறந்த மூன்றாம் மாதம் தெரிந்ததாம் எனக்குக் கேட்காதென்று.
பெயரை மாற்ற அப்பா ஒப்பவில்லை.
ஒலித்தடத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?
டிக்கை எடுத்தேன். இடம் மிச்சம்.

கெர்து வந்திருந்தாள். மெரிகேயின் மகள், ஒன்பது வயது,
காது கேட்பவள், கையாலும் சரளமாக வம்பளப்பவள்.
ஹெட்போனை மாட்டித் தட்டையே போட்டுப் பார்த்தவள்
என் சட்டையை இழுத்தாள்.
கேமராவுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார்.
இருப்பார். அப்பா. எல்லாம் அவர் எடுத்தது,
அதனால் ஒன்றிலும் அவர் இல்லை.
என்ன சொல்கிறார்?
பேட்டரி தீரப்போகிறது என்கிறார்.
மூக்கைச் சிந்துகிறார்.
ஒரு நாயைத் திட்டுகிறார், ரொம்ப மோசம், நான் சொல்ல மாட்டேன்.
அப்புறம் உன் பெயர்.
எத்தனை தடவை?
விரல்விட்டு எண்ணினாள். ஒரு கை போதவில்லை.

திரையில் எனக்கு ஏழு வயது.
முதுகு காட்டி மணல் தோண்டுகிறேன்.
திரும்பவேயில்லை.
திரும்ப மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.
தெரிந்தும் கூப்பிட்டிருக்கிறார், மனுஷன்,
கேமராவைத் தவிர யார் கேட்க?

மேக்எம்கேவியை மூடினேன்.
டெர்மினலில் டிடிரெஸ்க்யூ என்று அடித்தேன்.
படம் எது, ஒலி எது, அதற்குத் தெரியாது.
அம்மா, நாய், மணல் எல்லாம் அதற்கு ஒன்றே.
எது வேண்டும் என்று கேட்காது.
படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போகும்,
குறித்து வைக்கும், திரும்பி வந்து முட்டும்.
மூன்று முறை முட்டச் சொல்லியிருக்கிறேன்.

பதினோரு தட்டுக்கு நாற்பத்தேழு ஜிபியா, என்று
ஊர்மாஸ் தலையில் அடித்துக்கொண்டான்.
ஆமாம்.

"இது" என்று எழுதிய தட்டு இப்போது உள்ளே.
தொண்ணூற்றெட்டு சதவீதம். வெளி விளிம்பு, அந்த ஊதா.
எண் நகரவில்லை.
கெர்து உருளைக்கிழங்கைத் தோலோடு தின்கிறாள்.
மேஜைமேல் உள்ளங்கையை வைத்திருக்கிறேன்:
டிரைவ் சுற்றுகிறது, நிற்கிறது, ஒரு உதறல்,
மறுபடி சுற்றுகிறது.